கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்குவது யார்?

சீனப் படை இமய எல்லையில் தாக்குதலைத் தொடங்கியது 1962 அக்டோபர் 20 அன்று. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 26 அன்று, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் முறை. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. ஆக, போர் நடந்தது ஒரு மாதம். நெருக்கடி நிலை நீங்கியதோ 1968 ஜனவரி 10 அன்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் நேரு போய் சாஸ்திரி வந்தார், சாஸ்திரி போய் இந்திரா காந்தி வந்தார். 1965இல் பாகிஸ்தானுடன் ஒரு போர் நடந்தது உண்மை. அதுவும் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஓய்ந்து, 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. 1967 பொதுத்தேர்தல் நெருக்கடி நிலைக்குள்ளேயே நடந்தது. அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்ற நாளிலும் 1962இன் பிரகடனம் உயிரோடு இருந்தது.

எல்லையில் பதற்றம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு குரல் எழுகிறது: பிரதமர் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுவோம், கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இப்படிச் சொல்பவர்கள் நாட்டின்மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எதிரிப் படை பொம்டிலாவைப் பிடித்துவிட்டது, தேஜ்பூர் மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்கள் என்ற நிலையில், லாரிகளைக் கையகப்படுத்தவும் ரயில்களைப் படைக்குத் திருப்பிவிடவும் உளவாளி என்று நியாயமாகச் சந்தேகப்படுபவரை நிறுத்தி விசாரிக்கவும் அரசுக்கு அதிகாரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மசோதா கொண்டுவந்து விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. கொடுக்கத்தான் வேண்டும்.

எதைக் கொடுக்கிறோம், யார் கையில் போய்ச் சேர்கிறது, எப்போது திரும்பி வரும் என்பதை அன்றே எழுதி வாங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நல்ல தலைவர், தவறாகப் பயன்படுத்த மாட்டார் என்ற நம்பிக்கையில் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. காரணம், போர்க்கால அதிகாரம் தலைவரின் மேசையோடு நிற்பதில்லை. உள்துறைச் செயலாளர், மாவட்ட ஆட்சியர், டிஎஸ்பி என்று இறங்கி, இன்ஸ்பெக்டரின் சட்டைப்பைவரை வந்துவிடும். அங்கே தலைவரின் நல்ல மனசு கூட வருவதில்லை.

நேருவைவிட நாடாளுமன்றத்தை மதித்த பிரதமர் நமக்கு வாய்த்ததில்லை என்று நினைப்பவன் நான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1962 நவம்பர் 8 அன்று, அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள். படையை ஆயத்தமில்லாமல் மலையேற்றியது ஏன் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பாதுகாப்புத் துறையைக் கவனித்த கிருஷ்ண மேனன் சொந்தக் கட்சியின் நெருக்குதலாலேயே அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. நெருக்கடி நிலை அமலில் இருக்கும்போதே அதுவும் நடந்தது. நேரு உட்கார்ந்து கேட்டார், பதில் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஆட்சியில்தான் தேவ்லி முகாம் நடந்தது.

அசாமின் மாக்கும், ஷில்லாங், மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை 1962 நவம்பரில் போலீஸ் வீடு வீடாகப் போய் அழைத்துக்கொண்டு வந்தது. ரயிலில் ஏற்றி, நாட்டின் மறுகோடியில் ராஜஸ்தானின் தேவ்லிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஏறக்குறைய 3,000 பேர். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன்கள், கடை வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தைகள். அந்த நேரத்தில் நிறைவேற்றிய ஒரு சட்டம், பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் எதிரி நாட்டுக் குடிமகனாக இருந்திருந்தாலே ஒருவரை அந்நியர்போல நடத்தலாம் என்றது. உளவு பார்த்ததாக இவர்கள்மீது வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தரவில்லை. பலர் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1963இல் சீனா அனுப்பிய கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். சீனாவையே பார்த்திராதவர்கள் அவர்களில் இருந்தார்கள். சிலர் 1967வரை முகாமிலேயே கிடந்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியவர்கள் வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்ததைப் பார்த்தார்கள்.

தேவ்லி புது இடமும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு ஜெயப்பிரகாஷ் நாராயணையும் கம்யூனிஸ்ட் தலைவர்களையும் விசாரணையில்லாமல் அடைத்துவைத்திருந்த அதே இடம். அடைக்கப் பயன்பட்ட சட்டமும் பழையதுதான். 1915இல் முதல் உலகப் போருக்காக ஒரு இந்தியப் பாதுகாப்புச் சட்டம், 1939இல் இரண்டாவது, 1962இல் மூன்றாவது. முதலாவது, போர் முடிந்து ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டியது. அந்த அதிகாரங்களை விட மனமில்லாமல் அரசு ரௌலட் குழுவை அமைத்தது, 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்குச் சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது தோன்றியது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். போருக்கென்று வாங்கிய அதிகாரத்தைப் போருக்குப் பிறகும் வைத்துக்கொள்ள முயன்றால் எங்கே போய் முடியும் என்பதை இந்த நாடு சுதந்திரத்துக்கு முன்பே ரத்தம் சிந்திக் கற்றது. அப்படியிருந்தும் 1962ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஒப்புதல் பெற்றது டிசம்பர் 12 அன்று. துப்பாக்கிகள் ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு அந்தச் சட்டம் வந்த விதத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. சீனப் படையெடுப்பின்போது அண்ணா அரசுக்கு முழு ஆதரவு தந்தார். நாட்டுக்கு ஆபத்து வந்த நேரத்தில் தனிநாடு கேட்பதில்லை என்று திராவிட நாடு கோரிக்கையையே ஒதுக்கிவைத்தார். திமுக போர் நிதி திரட்டியது. ஓர் எதிர்க்கட்சி போர்க்கால அரசுக்கு இதற்குமேல் என்ன செய்ய முடியும்? 1965 ஜனவரியில், இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நாள் நெருங்கியபோது, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரியில் மு. கருணாநிதி கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைக்கப்பட்டார். அவரை அடைத்தது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ். சீன எல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நீதிமன்றக் கதவும் திறந்திருக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 21, 22ஆம் பிரிவுகளின்கீழ் நீதிமன்றம் போகும் உரிமையை 1962 நவம்பரில் குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை நிறுத்திவைத்திருந்தது.

பக்கத்தில் கேரளத்தில் இன்னும் மோசம். 1964 டிசம்பர் முடிவில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர்களை இதே விதிகளின்கீழ் அள்ளிக்கொண்டு போனார்கள். 1965 மார்ச்சில் தேர்தல் வந்தது. சிறையில் இருந்தபடியே பலர் ஜெயித்தார்கள், கட்சி தனிப்பெரும் கட்சியாகவும் வந்தது. அந்தச் சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது.

நீதிமன்றக் கதவு முழுக்க அடைபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலால் நான் வக்கீல், தடுப்புக் காவல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனு போட்டே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. என் மேசையில் நைந்துபோகும் அளவுக்குப் புரட்டப்பட்ட தீர்ப்பு, ராம் மனோகர் லோகியாவின் வழக்கில் வந்தது. 1965 ஆகஸ்ட்டில், அவர் மக்களவை உறுப்பினராக இருந்தபோது, பாட்னா மாவட்ட மாஜிஸ்திரேட் அவரைப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைத்தார். லோகியா நேராக உச்ச நீதிமன்றம் போனார். அடிப்படை உரிமையைச் சொல்லி வர முடியாது, சரி. ஆனால் எந்த விதியின்கீழ் அடைத்தார்களோ அந்த விதியையே மீறி அடைத்திருந்தால்? விதி சொன்னது பொது ஒழுங்கைக் காக்க. மாஜிஸ்திரேட் எழுதியது சட்டம் ஒழுங்கைக் காக்க. இரண்டும் ஒன்றல்ல என்றது நீதிமன்றம். தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொள்வதும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினைதான், அதற்காகப் போர்க்காலச் சட்டத்தை எடுக்க முடியாது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் லோகியாவை விடுவித்தார்கள்.

தீர்ப்பு வந்த தேதியைக் கவனியுங்கள்: 1965 செப்டம்பர் 7. அதற்கு முந்தைய நாள்தான் நம் படை சர்வதேச எல்லையைக் கடந்து லாகூர் முனையில் இறங்கியிருந்தது. போர் உச்சத்தில் இருக்கும்போது, அரசைக் கடுமையாகத் திட்டும் ஒரு தலைவரை விடுதலை செய்யச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதனால் எந்த முனையும் சரியவில்லை, எந்தப் படைப்பிரிவும் பின்வாங்கவில்லை. போர் நேரத்தில் நீதிமன்றம் தலையிட்டால் நாடு தோற்றுவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தேதியைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

இனி என் வீட்டுக் கதை. அப்பா ரயில்வே பணிமனை ஒன்றில் ஃபிட்டர். சங்கத்தின் கிளைப் பொருளாளர் என்பதால் சந்தா நோட்டு எங்கள் வீட்டு அரிசி டின் மேல் இருக்கும். 1974 மே மாதம், நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, விடியற்காலையில் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார்கள். லுங்கியோடு எழுந்துபோன அப்பாவைச் சட்டை போட்டுக்கொள்ள மட்டும் விட்டார்கள். கூட வந்த ஏட்டு தெரிந்த முகம். அம்மா, “என்ன தப்பு பண்ணாருண்ணே இவரு?” என்று கேட்டதற்கு, “பாதுகாப்புச் சட்டம்மா, எனக்கும் அதுக்கு மேல தெரியாது” என்றார். சந்தா நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி மிரட்டல் வந்தது. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசல் பக்கமே வைத்திருந்தாள்.

சட்டம் படித்த பிறகுதான் அப்பாவை அடைத்த ஆணைக் காகிதம் எனக்குப் புரிந்தது. இந்தியாவின் பாதுகாப்புக்கும் அத்தியாவசியப் பணிகளுக்கும் ஊறு விளைவிக்கக்கூடிய விதத்தில் நடந்துகொள்வதைத் தடுக்க என்று எழுதியிருந்தது. பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் பேனாவில், மற்றதெல்லாம் முன்பே உருட்டச்சில் எடுத்து வைத்தது. 1971 டிசம்பர் 3 அன்று வங்கதேசப் போருக்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலையின் பேரில் வந்த விதிகள் அவை. அந்தப் போர் டிசம்பர் 16 அன்று டாக்காவில் முடிந்துவிட்டது. மறு ஆண்டு சிம்லா ஒப்பந்தமும் ஆகிவிட்டது. சிறைபிடிக்கப்பட்ட ஏறக்குறைய 93,000 பாகிஸ்தானியரையும் இந்தியா திருப்பி அனுப்பிவிட்டது. டாக்காவில் சரணடைந்த ஜெனரல் நியாஜி 1974 ஏப்ரல் கடைசியில் வாகா வழியாகத் தன் நாட்டுக்குப் போனார். எதிரிப் படையின் தளபதி வீடு போய்ச் சேர்ந்த அதே வாரங்களில், அந்தப் போருக்கான சட்டத்தின்கீழ் நம் ரயில்வே தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் அவர்களில் ஒருவர். அப்பா வெளியே வந்தபோது வேலை இல்லை. 1977இல் ஜனதா ஆட்சி வந்து, மது தண்டவதே ரயில்வே அமைச்சராகி, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்தபோதுதான் மறுபடி பணிமனைக்குள் கால்வைத்தார்.

உள்நாட்டு நெருக்கடி நிலை பிறந்த 1975 ஜூன் 25 இரவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அன்று இரவு 1971ஆம் ஆண்டின் போர் நெருக்கடி நிலை ஏற்கெனவே நடப்பில் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். விசாரணையில்லாமல் அடைக்க வழிசெய்த மிசா சட்டமும் 1971இல் வந்ததுதான், வங்கதேச அகதிகள் எல்லையில் குவிந்துகொண்டிருந்த நேரத்தில் நிறைவேறியது. இந்திரா காந்திக்குப் புதிதாகத் தேவைப்பட்டது கொஞ்சம்தான், பெரும்பகுதி ஆயுதம் வெற்றிபெற்ற போரிலிருந்தே கையில் மிஞ்சியிருந்தது. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதும் அதே மிசா தமிழ்நாட்டில் இறங்கியது. சென்னை மத்திய சிறையில் விழுந்த அடியையும், திமுக எம்.பி. சிட்டிபாபுவின் மரணத்தையும், பிறகு விசாரித்த நீதிபதி இஸ்மாயில் ஆணையத்தையும் பழையவர்கள் அறிவார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு வரவே முடியாது என்று சொல்லிவிட்டது. நீதிபதி கன்னா ஒருவர்தான் மாறுபட்டு எழுதினார். தலைமை நீதிபதியாகும் வாய்ப்பை அதற்காக இழந்தார்.

ஜனதா ஆட்சி 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் நிறையச் சரிசெய்தது. அமைச்சரவை எழுத்து மூலம் முடிவெடுத்துச் சொன்னால்தான் பிரகடனம். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்டெடுப்பு. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் தனிக் கூட்டம், அதில் சாதாரணப் பெரும்பான்மை போதும் நெருக்கடி நிலையை முடித்துவைக்க. உயிர் வாழும் உரிமையை எந்தப் போரிலும் நிறுத்திவைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே எப்போது எழுந்திருப்பது என்று தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு இதோடு ஒழிந்தது.

இப்போது உக்ரைனைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே ராணுவச் சட்டம். அதன் காரணமாகத் தேர்தல் நடக்கவில்லை. நகரங்கள்மேல் ஏவுகணை விழும் நாட்டில் அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அங்கே ஒவ்வொரு தொண்ணூறு நாளுக்கும் நாடாளுமன்றம் கூடி நீட்டித்தால்தான் ராணுவச் சட்டம் தொடரும். 2025 ஜூலையில் ஊழல் ஒழிப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் ஸெலென்ஸ்கி கையெழுத்திட்டபோது, போருக்கு நடுவிலேயே கீவ் நகர இளைஞர்கள் அட்டைகளோடு தெருவில் நின்றார்கள். பத்து நாளுக்குள் அந்தச் சுதந்திரத்தைத் திருப்பித் தரும் சட்டம் நிறைவேறியது. எதிரியோடு போராடிக்கொண்டே சொந்த அரசையும் தட்டிக்கேட்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம்மிடம் இன்னும் பாக்கி இருக்கிறது. போர்க்காலத்துக்கென்று இனி எந்தச் சட்டம் வந்தாலும் அதற்கென்று தனியாக ஒரு முடிவுத் தேதி வேண்டும்; பிரகடனம் இருக்கும்வரை சட்டமும் இருக்கும் என்ற 1962இன் ஏற்பாடு திரும்ப வரக் கூடாது. விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் காரணமும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவையில் வைக்கப்பட வேண்டும். தேவ்லியில் அடைபட்டவர்களிடம் இந்திய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜப்பானிய வம்சாவளியினரை இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைத்த அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியின் குழந்தைகளில் பலர் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு தடுப்புக் காவலைப் பற்றியது. அறிவுரைக் குழுமத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் அடைத்துவைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது. குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும், பணியில் இருக்கும் நீதிபதிதான் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்றது. திருத்தத்தின் மற்றப் பிரிவுகள் 1979இல் நடைமுறைக்கு வந்தன. இந்தப் பிரிவு மட்டும் வரவில்லை. 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதைக் கொண்டுவரும்படி அரசுக்கு ஆணையிட முடியாது என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு பெரும்பாலான பெரிய கட்சிகள் மத்தியில் ஆட்சியில் பங்கேற்றுவிட்டன, மிசாவில் அடிபட்ட கட்சிகளும் சேர்த்து. ஒருவரும் கைவைக்கவில்லை.

அடுத்த முறை உங்கள் தொகுதி வேட்பாளர் வாசலுக்கு வரும்போது இதைக் கேளுங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து முடிந்துபோன காரியம் இது. புதிய மசோதா வேண்டாம், விவாதம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வேண்டாம். மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.